டேப்லோ தேர்வுக்குத் தயாராகிறீர்களா? சார்ட் தப்பாக வந்தால் எங்கே பார்ப்பது

தரவைச் சார்ட்டாக வரைந்து காட்டும் மென்பொருளான டேப்லோ டெஸ்க்டாப்பின் அடிப்படைச் சான்றிதழ் தேர்வுக்குப் படிக்கும்போது வீடியோவில் எல்லாம் சுலபமாகத் தெரியும். நாமே உட்கார்ந்து இழுத்துப் போட்டால் ஒற்றைப் புள்ளி வரும், அல்லது மொத்தம் மூன்று மடங்காக நிற்கும். அந்த நேரத்தில் கன்ட்ரோல்-இசட் அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவதுதான் பலருடைய வழக்கம். நானும் முதல் இரண்டு வாரம் அப்படித்தான் படித்தேன். கற்றது மிகக் குறைவு. தப்பான சார்ட்டைக் கலைக்காமல், அது ஏன் அப்படி வந்தது என்று தேடத் தொடங்கிய பிறகுதான் பாடம் பிடிபட்டது.

காரணம் இந்த மென்பொருளின் பிறப்பிலேயே இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த போலாரிஸ் என்ற ஆய்விலிருந்து 2003-இல் உருவானது டேப்லோ. ஒரு ஃபீல்டை (தரவின் ஒரு நெடுவரிசை) ஷெல்ஃபில் (ஃபீல்டுகளைப் போடும் பட்டை) இழுத்துப் போட்டால், அந்த இழுப்பையே தரவுக்கான கேள்வியாக மாற்றி அனுப்பும் விஸ்கியூஎல் என்ற மொழிதான் அதன் அடித்தளம். அதாவது, திரையில் தெரிவது நீங்கள் கேட்ட கேள்விக்கான சரியான பதில். பதில் விசித்திரமாக இருந்தால், உண்மையில் என்ன கேட்டுவிட்டோம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு எப்போதும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. ஷெல்ஃபில் நிற்கும் மாத்திரையின் நிறம் நீலமா பச்சையா? (ஃபீல்டை இழுத்துப் போட்டதும் வரும் அந்த நீள்வட்டத்தை 'பில்' என்பார்கள், இங்கே மாத்திரை என்றே எழுதுகிறேன்.) மாத்திரைக்குள் ஃபீல்டின் பெயருக்கு முன்னால் சம், ஏவரேஜ், இயர், ஆட்ரிபியூட் என்று ஏதாவது ஒட்டியிருக்கிறதா? மூன்றாவது, ஜன்னலின் இடது கீழ் ஓரத்தில் எத்தனை மார்க் (சார்ட்டில் வரையப்படும் புள்ளி, பட்டை போன்ற ஒவ்வொன்றும்) இருப்பதாகக் காட்டுகிறது? இந்த மூன்றாவதைப் பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை. நான் பார்த்தவரை பாதிச் சிக்கலுக்கு விடை அங்கேயே இருக்கிறது.

ஸ்கேட்டர் பிளாட் போட்டேன், ஒரே ஒரு புள்ளி வருகிறது

விற்பனையை ஒரு பக்கமும் லாபத்தை இன்னொரு பக்கமும் போட்டிருப்பீர்கள். இரண்டும் மெஷர், அதாவது கூட்டக்கூடிய எண்கள். (பெயர், தேதி போலத் தரவைப் பிரிக்க உதவுபவை டைமென்ஷன்.) மெஷரைப் போட்டதும் டேப்லோ தானாகவே கூட்டிவிடும். மொத்த விற்பனை ஓர் எண், மொத்த லாபம் ஓர் எண், ஆக ஒரு புள்ளி. கீழே '1 மார்க்' என்று எழுதியிருக்கும்.

எந்த அளவில் பிரிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை. வாடிக்கையாளர் பெயரை மார்க்ஸ் கார்டில் உள்ள டீடெய்ல் மேல் போடுங்கள். வாடிக்கையாளருக்கு ஒரு புள்ளி வந்துவிடும். ஒவ்வொரு வரிசையும் தனிப் புள்ளியாக வேண்டுமென்றால் அனாலிசிஸ் மெனுவில் 'அக்ரிகேட் மெஷர்ஸ்' என்பதன் டிக்கை எடுத்துவிடலாம். இரண்டு வழியையும் செய்து பார்த்து, கீழே மார்க் எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

நாலு வருடத் தரவு இருக்கிறது, கோட்டில் 12 புள்ளிதான் வருகிறது

இதில் கொஞ்சம் நின்று போக வேண்டும். தேர்விலும் வேலையிலும் திரும்பத் திரும்ப வரும் இடம் இது.

தேதியைப் போட்டு மாதத்துக்கு மாற்றியிருப்பீர்கள். மாத்திரை நீலமாக இருந்தால் அது 'தேதியின் பகுதி'. ஜனவரி என்றால் நாலு வருடத்து ஜனவரிகளும் ஒன்றாகக் கூட்டப்பட்ட ஜனவரி. அதனால் 12 புள்ளி. பச்சையாக இருந்தால் அது 'தேதியின் மதிப்பு'. 2021 ஜனவரி வேறு, 2022 ஜனவரி வேறு. அதனால் 48 புள்ளி. மாத்திரையின் மெனுவைத் திறந்தால் மாதம் என்ற சொல் இரண்டு முறை வரும். மேல் தொகுதியில் பக்கத்தில் மாதத்தின் பெயர் மட்டும் இருக்கும், கீழ்த் தொகுதியில் மாதத்தோடு வருடமும் சேர்ந்திருக்கும். மேலே இருப்பது பகுதி, கீழே இருப்பது மதிப்பு. விண்டோஸில் வலது பட்டனை அழுத்தியபடியே தேதியை இழுத்துப் போட்டால், எது வேண்டும் என்று முதலிலேயே கேட்கும்.

இரண்டுமே தேவைப்படும். எந்த மாதத்தில் வழக்கமாக விற்பனை ஏறுகிறது என்று பார்க்க நீலம், காலப்போக்கில் வளர்ச்சி எப்படி என்று பார்க்கப் பச்சை.

இங்கேயே ஒரு தவறான பாடத்தைக் களைந்துவிட வேண்டும். 'நீலம் என்றால் டைமென்ஷன், பச்சை என்றால் மெஷர்' என்று பல குறிப்புகளில் எழுதியிருக்கும். அப்படிக் கிடையாது. நீலம் டிஸ்கிரீட், அது தனித்தனித் தலைப்புகளை உண்டாக்கும். பச்சை கன்டினியுவஸ், அது அச்சை உண்டாக்கும். பச்சைத் தேதி ஒரு டைமென்ஷன்தான். மெஷரையும் டிஸ்கிரீட்டாக மாற்றலாம், அப்போது அது நீலமாகி அச்சு போய்த் தலைப்பு வரும். டைமென்ஷனா மெஷரா என்பது வேறு கேள்வி, டிஸ்கிரீட்டா கன்டினியுவஸா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி வைத்துக்கொண்டு தேர்வுக்குப் போகாதீர்கள்.

வாடிக்கையாளர் எண்ணையெல்லாம் கூட்டிக் காட்டுகிறது

எண்ணாக இருப்பதால் மெஷர் என்று டேப்லோ எடுத்துக்கொண்டது. தரவுப் பலகையில் மெல்லிய கோட்டுக்கு மேலே இருப்பவை டைமென்ஷன், கீழே இருப்பவை மெஷர். அந்த ஃபீல்டைக் கோட்டுக்கு மேலே இழுத்துவிடுங்கள், போதும்.

காலம் (நெடுவரிசை) பெயர்கள் எஃப்1, எஃப்2 என்று வருகின்றன

எக்செல் கோப்பின் மேல் வரிகளில் தலைப்போ குறிப்போ இருக்கிறது. டேட்டா சோர்ஸ் பக்கத்தில் 'டேட்டா இன்டர்ப்ரெட்டர்' என்பதை டிக் செய்யுங்கள். மாதங்கள் தனித்தனிக் காலமாக அகலமாக விரிந்து கிடந்தால், அவற்றையெல்லாம் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்து பிவட் கொடுங்கள். 12 காலம் இரண்டாகச் சுருங்கும்: ஒன்றில் மாதத்தின் பெயர், இன்னொன்றில் மதிப்பு.

இரண்டு பட்டியலை இணைத்ததும் மொத்தம் ஊதிவிட்டது

ஆர்டர் பட்டியலில் 101-ஆம் ஆர்டருக்கு டெலிவரி கட்டணம் 50. பொருள் பட்டியலில் அதே 101-இன் கீழ் மூன்று பொருள். ஆர்டர் எண்ணை வைத்து ஜாயின் செய்தால் மூன்று வரிசை வரும், மூன்றிலும் 50 இருக்கும். கூட்டினால் 150. ஜாயின் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. ஒன்றுக்குப் பல என்ற உறவில் வரிசைகள் பெருகத்தான் செய்யும்.

2020.2 பதிப்பிலிருந்து ரிலேஷன்ஷிப் என்ற வழி வந்திருக்கிறது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடுவே ஒரு வளைகோடு தெரியும். இதில் பட்டியல்கள் முன்கூட்டியே ஒட்டப்படுவதில்லை. நீங்கள் கேட்கும் கேள்விக்குத் தகுந்தபடி, அந்தந்தப் பட்டியலின் அளவிலேயே கூட்டப்படும். மொத்தக் கட்டணம் 50 என்றே நிற்கும். ஒரு பட்டியலை டபுள் கிளிக் செய்து உள்ளே போனால்தான் பழைய ஜாயின் வரும். வென் வரைபடம் போல இரண்டு வட்டம் தெரிந்தால் ஜாயின், வளைகோடு தெரிந்தால் ரிலேஷன்ஷிப் என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய குறிப்புகளை வைத்துப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் ரிலேஷன்ஷிப் என்ற சொல்லே இல்லாவிட்டால் அது 2020-க்கு முந்தையது. எக்ஸ்ட்ராக்ட் கோப்பை (தரவின் சேமித்த நகல்) டிடிஇ என்று எழுதியிருந்தால் இன்னும் பழசு. 2018-இல் வந்த 10.5 பதிப்பிலிருந்து அது ஹைப்பர் ஆகிவிட்டது. அப்படிப்பட்ட மாதிரித் தேர்வைப் போட்டு மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிளெண்டிங் என்பது மூன்றாவது. இரண்டு தனித்தனி டேட்டா சோர்ஸை ஒரே ஷீட்டில் சேர்ப்பது. முதன்மை மூலத்துக்கு நீல டிக், இரண்டாவதற்கு ஆரஞ்சு டிக். பிளெண்ட் செய்தபோது எண்ணோ பெயரோ வரவேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி (*) வந்தால், அந்த இடத்துக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட மதிப்புகள் இருக்கின்றன, எதைக் காட்டுவது என்று டேப்லோவுக்குத் தெரியவில்லை என்று பொருள். இன்னும் நுணுக்கமான டைமென்ஷன் ஒன்றைச் சேர்த்தால் நட்சத்திரம் போய்விடும்.

லாப விகிதம் 60 சதவீதம் என்கிறது, அது நடக்கவே முடியாது

கையால் போட்டுப் பார்ப்போம். இரண்டு வரிசை. முதலாவதில் விற்பனை 100, லாபம் 50. இரண்டாவதில் விற்பனை 900, லாபம் 90. லாபத்தை விற்பனையால் வகுத்து ஒரு கால்குலேட்டட் ஃபீல்டு எழுதினால், அது வரிசை வரிசையாக வகுக்கும்: 50 சதவீதம், 10 சதவீதம். ஷீட்டில் போட்டதும் சம் ஒட்டிக்கொள்ளும், 60 சதவீதம் வரும். சரி, ஏவரேஜுக்கு மாற்றலாம் என்று மாற்றினால் 30 வரும். அதுவும் தப்பு. உண்மையான விகிதம் மொத்த லாபம் 140-ஐ மொத்த விற்பனை 1000-ஆல் வகுத்தது, 14 சதவீதம்.

ஆகவே ஃபார்முலாவுக்குள்ளேயே லாபத்தின் கூட்டுத்தொகையை விற்பனையின் கூட்டுத்தொகையால் வகுங்கள். இந்த ஃபீல்டை ஷெல்ஃபில் போட்டால் மாத்திரையின் பெயருக்கு முன்னால் 'ஏஜிஜி' என்று வரும். ஏற்கெனவே கூட்டப்பட்டது, இனி நான் கூட்ட மாட்டேன் என்று அது சொல்கிறது.

ஒரு பக்கம் மட்டும் சம் போட்டு இன்னொரு பக்கம் விட்டுவிட்டால், கூட்டப்பட்டதையும் கூட்டப்படாததையும் கலக்க முடியாது என்று சிவப்பில் பிழை வரும். பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்தால் பிழை மறையும்.

டாப் 10 நகரம் கேட்டேன், மூன்றுதான் வருகிறது

நகரத்துக்கு டாப் 10 ஃபில்டர் போட்டீர்கள். எல்லாம் சரியாக வந்தது. அப்புறம் மண்டலத்துக்கு ஒரு ஃபில்டர் போட்டு மேற்கு மட்டும் என்றீர்கள். பத்து மூன்றாகிவிட்டது.

டேப்லோ ஃபில்டர்களை நீங்கள் போட்ட வரிசையில் இயக்குவதில்லை. அதற்கென்று ஒரு வரிசை இருக்கிறது: முதலில் எக்ஸ்ட்ராக்ட் ஃபில்டர், பிறகு டேட்டா சோர்ஸ் ஃபில்டர், பிறகு கான்டெக்ஸ்ட் (மற்றவற்றுக்கு முன்னால் ஓடும்படி நாம் குறித்த ஃபில்டர்), அதன் பிறகு டாப் என்-உம் செட்டுகளும், பிறகு சாதாரண டைமென்ஷன் ஃபில்டர், பிறகு மெஷர் ஃபில்டர், கடைசியாக டேபிள் கால்குலேஷன் (திரையில் வந்த எண்களின் மேல் போடும் கணக்கு) ஃபில்டர். இப்போது பாருங்கள். டாப் 10 முதலில் ஓடி, எல்லா மண்டலத்திலிருந்தும் பத்து நகரங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அந்தப் பத்தில் மேற்கில் இருப்பவை மூன்று. மண்டல ஃபில்டர் அந்த மூன்றை மட்டும் மிச்சம் வைத்தது.

மண்டலம் முந்திக்கொள்ள வேண்டும். அதன் மாத்திரையில் வலது கிளிக் செய்து 'ஆட் டு கான்டெக்ஸ்ட்' கொடுங்கள். மாத்திரை சாம்பல் நிறமாகும், மேற்கின் பத்து நகரங்கள் வரும். ஃபிக்ஸ்டு என்று தொடங்கும் எல்ஓடி கணக்கு (எந்த அளவில் கூட்ட வேண்டும் என்று ஃபார்முலாவிலேயே சொல்வது) ஃபில்டருக்கு மசியாமல் நிற்பதற்கும் இதே காரணம்தான். அதுவும் டைமென்ஷன் ஃபில்டருக்கு முன்னாலேயே ஓடிவிடுகிறது. இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துப் படியுங்கள். மனப்பாடம் செய்யத் தகுதியான ஒரே பட்டியல் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

சதவீதம் எதற்கும் பொருந்தாமல் வருகிறது

வரிசையில் மண்டலம், காலத்தில் வருடம், உள்ளே விற்பனை. குயிக் டேபிள் கால்குலேஷனில் பர்சென்ட் ஆஃப் டோட்டல் கொடுத்தீர்கள். ஒவ்வொரு வருடத்துக்குள்ளும் மண்டலங்களின் பங்கு வேண்டும் என்பது உங்கள் எண்ணம். டேப்லோ இடமிருந்து வலமாகக் கணக்கிட்டு, ஒவ்வொரு மண்டலத்துக்குள்ளும் வருடங்களின் பங்கைக் கொடுத்திருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: அனாலிசிஸ் மெனுவில் டோட்டல்ஸ் போய் வரிசைக்கும் காலத்துக்கும் கிராண்ட் டோட்டலைப் போடுங்கள். 100 சதவீதம் எந்தப் பக்கத்து ஓரம் முழுக்க வருகிறதோ அந்தத் திசையில் கணக்கு ஓடுகிறது. வலது ஓரம் முழுக்க 100 என்றால் குறுக்கே, கீழ் ஓரம் முழுக்க 100 என்றால் மேலிருந்து கீழே. தப்பான திசை என்றால் மாத்திரை மெனுவில் 'கம்ப்யூட் யூசிங்' போய் 'டேபிள் டவுன்' எடுங்கள்.

இதோடு வரும் இன்னொரு தொந்தரவு: முந்தைய வருடத்தோடு வித்தியாசம் போட்டபின், தரவின் முதல் வருடமான 2022 வேண்டாம் என்று ஃபில்டரில் எடுத்தால் 2023-இன் வித்தியாசம் காலியாகிவிடும். மேலே சொன்ன வரிசைதான் காரணம். டைமென்ஷன் ஃபில்டர் 2022-ஐத் தூக்கியபின் டேபிள் கால்குலேஷன் எதோடு ஒப்பிடும்? ஃபில்டரை எடுத்துவிட்டு, 2022 தலைப்பில் வலது கிளிக் செய்து ஹைட் கொடுங்கள். தரவு உள்ளேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, வித்தியாசமும் சரியாக வரும்.

மேப்பில் சில இடங்களைக் காணோம்

வலது கீழ் மூலையில் 'அன்னோன்' என்று ஓர் எண்ணோடு குறிப்பு இருக்கும். அதைக் கிளிக் செய்து எடிட் லொகேஷன்ஸ் போனால், எந்தப் பெயர்கள் புரியவில்லை என்று பட்டியல் வரும். ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்தால் நாடு, மாநிலம் எது என்று அங்கேயே சொல்லிவிடலாம். மேப்பே வரவில்லை என்றால் ஃபீல்டுக்குப் பக்கத்தில் பூமி உருண்டைச் சின்னம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஜியோகிராஃபிக் ரோல் கொடுக்க வேண்டும்.

டூயல் ஆக்சிஸில் லாபம் விற்பனையைத் தொடுகிறது

இரண்டு அச்சுக்கும் இரண்டு அளவுகோல். வலது அச்சில் வலது கிளிக் செய்து 'சிங்க்ரனைஸ் ஆக்சிஸ்' கொடுங்கள். அந்தத் தெரிவு மங்கலாக இருந்தால் ஒன்று முழு எண், இன்னொன்று தசம எண் என்று தரவு வகை மாறியிருக்கும். வகையை ஒன்றாக்கினால் தெரிவு திறக்கும். அலகு ஒன்றாக இருக்கும் இரண்டு அளவைகளைச் சிங்க்ரனைஸ் செய்யாமல் யாருக்கும் காட்டாதீர்கள். பார்ப்பவர் கோடுகளின் உயரத்தைத்தான் நம்புவார், அச்சில் உள்ள எண்களை வாசிக்க மாட்டார்.

டாஷ்போர்டில் ஃபில்டர் ஒரு சார்ட்டை மட்டும் மாற்றுகிறது

ஃபில்டர் பிறந்த ஷீட்டோடு நின்றுவிடுவதுதான் இயல்பு. ஃபில்டரின் மெனுவில் 'அப்ளை டு ஒர்க்‌ஷீட்ஸ்' போய், இதே டேட்டா சோர்ஸைப் பயன்படுத்தும் எல்லா ஷீட்டுக்கும் என்று கொடுங்கள்.

அனுப்பிய கோப்பைத் திறந்தால் தரவைக் கேட்கிறது

டிடபிள்யூபி கோப்பில் ஷீட்டுகளின் அமைப்பு மட்டும்தான் இருக்கும், தரவு இருக்காது. டிடபிள்யூபிஎக்ஸ் என்றால் தரவையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம். தேர்வில் இந்த நான்கு எழுத்து, மூன்று எழுத்து வித்தியாசத்தைக் கேட்பார்கள். டேப்லோ பப்ளிக்கில் பயிற்சி செய்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: அங்கே வெளியிட்டது ஊரறியும். அலுவலகத் தரவை அதில் ஏற்றவே ஏற்றாதீர்கள். டேப்லோவோடு வரும் சூப்பர்ஸ்டோர் மாதிரித் தரவே பயிற்சிக்குத் தாராளம்.

கையால் செய்ய வருகிறது, கேள்வித்தாளில் தவறுகிறது

இதுவும் ஒரு பிழைதான், நோய் வேறு இடத்தில். மவுஸ் போகும் இடம் கைக்குப் பழகிவிட்டது. பெயர் வாய்க்கு வரவில்லை. குரூப், செட், பின், ஹையரார்க்கி ஆகிய நான்கையும் ஒரே தடவையில் வேறுபடுத்திச் சொல்லிப் பாருங்கள். பல மதிப்புகளை ஒரே பெயருக்குள் சேர்ப்பது குரூப். உள்ளே, வெளியே என்று இரண்டாகப் பிரிப்பது செட். எண்களைச் சம இடைவெளிகளாக வெட்டுவது பின். நாட்டிலிருந்து மாநிலம், மாநிலத்திலிருந்து நகரம் என்று படியிறங்குவது ஹையரார்க்கி. தடுமாறினால், நான்கையும் ஒரே ஷீட்டில் உருவாக்கி, தரவுப் பலகையில் ஒவ்வொன்றுக்கும் என்ன சின்னம் வருகிறது என்று பாருங்கள்.

அதிகாரபூர்வத் தேர்வு வழிகாட்டியை எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அந்த விஷயத்தில் நீங்கள் கடைசியாகப் பார்த்த தப்பான சார்ட் எது என்று எழுதுங்கள். எதிரே எழுத எதுவும் இல்லாத வரி என்றால், அதை நீங்கள் இன்னும் கையால் தொடவில்லை. அந்த வரியிலிருந்து இன்றைய பயிற்சியைத் தொடங்குங்கள். மாத்திரையை ஷெல்ஃபில் விடுவதற்கு முன் ஒரு கணம் நிறுத்தி, எத்தனை மார்க் வரும் என்று தாளில் எழுதுங்கள். விட்டபின் இடது கீழ் ஓரத்தைப் பாருங்கள். எண் ஒத்துப்போகாவிட்டால் ஷீட்டைக் கலைக்காமல், நிறத்திலிருந்து ஆரம்பித்துத் தேடுங்கள்.